ஆக்சிஜனில் அறுத்த கதவு

ஸ்டெயின்லெஸ் தகட்டை ஆக்சிஜன் வைத்து அறுக்கக் கூடாது. தெரியாமல் செய்பவனை மன்னிக்கலாம். நான் தெரிந்தே செய்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கட்டிங் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட மாதிரி அறுப்பான் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் என் தலைக்கு ஏறியிருந்தது.

பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியில் என் மனைவியின் அண்ணன் டிரம் ஆள். தோலையும், பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரையும் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம். அதற்குள் இறங்குகிறவன் உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் எழுதுகிற மைதான். தோலில் விழுந்த கறை போகவே போகாது. டிரம்மில் அடிக்கிற ஆணிகூடப் பித்தளை. அதன் கதவு இற்றுப்போனபோது ஸ்டெயின்லெஸ்ஸில் புதிதாகச் செய்ய முடிவானது. "எங்க மாப்ள மாதிரி அறுக்கறதுக்கு ஆளே இல்ல சார்" என்று மேனேஜரிடம் சொல்லி, வேலையை எங்கள் பட்டறைக்கு வாங்கித் தந்தவர் மச்சான்தான்.

மெட்ராஸில் நைட்ரஜன் விட்டு அறுக்கும் பிளாஸ்மா மெஷின் வந்திருந்தது. வெட்டு சுத்தமாக இருக்கும். தகட்டை அங்கே அனுப்பலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

"மெட்ராஸ்னா ஒரு வாரம் ஆவும், பேஜார்" என்றார் முதலாளி. "இன்னாபா, உன் கையால ஆவாதா?"

"ஆவும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறேன். ஆக்சிஜனை மட்டும் விட்டால் ஸ்டெயின்லெஸ் அறுபடாது. மேலே சாதா இரும்புப் பட்டை ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்து அறுக்க வேண்டும். இரும்பு எரிந்து உருகி, கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். விளிம்பெல்லாம் இரும்புக் கசடு அப்பிக்கொள்ளும். கிரைண்டரில் தேய்த்தேன். உள்மூலைகளுக்குள் சக்கரம் நுழையவில்லை. நுழையாத இடத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கதவு மாட்டி மூன்றாவது லோடில் தோல்களில் நீலக் கறுப்புப் புள்ளிகள். மேஸ்திரி டிரம் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தார். மச்சானின் அரைஞாண் கயிற்றில் சின்ன இரும்புச் சாவி ஒன்று இருந்தது, வீட்டு டிரங்குப் பெட்டியின் சாவி. அதற்கு மேல் யாரும் தேடவில்லை.

ஒப்புக்குக் கதவையும் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். குனிந்து உள்மூலையைத் தடவினேன். விரலில் துரு ஒட்டியது. லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

"கதவு எப்படிபா இருக்குது?" என்றார் மேனேஜர்.

"ஸ்டெயின்லெஸ் சார். துரு புடிக்காது."

மச்சான் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். நான் சொன்னதற்குத் தலையாட்டினார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கறைக்காக நிறுத்தப்பட்ட டிரம் ஆளை வேறு எந்த டேனரியும் சேர்க்காது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். "உன்னையும் அங்க நிக்க வச்சிட்டேன் மாப்ள. சாவிய கழட்டி வச்சிட்டுப் போயிருக்கணும். மறந்துட்டேன்."

"கதவுல ஒண்ணும் இல்லியே?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். கோழை என்றால் இதுதான்.

அடுத்த வாரம், கீல் தளர்ந்திருக்கிறது என்று சாக்குச் சொல்லி டேனரிக்குப் போனேன். அரத்தால் அந்த மூலைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். கறை நின்றுவிட்டது. அவன் போனான், கறையும் போச்சு என்று டேனரியே பேசியது. இருந்த கொஞ்ச சந்தேகத்தையும் என் அரமே தேய்த்துவிட்டது.

மச்சான் வாணியம்பாடியில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். டிரங்குப் பெட்டியை அதன் பிறகு பூட்டவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் ஒரு நிமிடம் நின்று, இடுப்புக் கயிற்றைத் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் குழந்தையைத் தூக்குவார். நான் அதைப் பார்த்துக்கொண்டே, "வா மச்சான், உக்காரு" என்பேன்.