ஹரோல்டா, பெருமாளா?

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருந்த சம்பங்கிக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அறுபத்து மூன்றாம் வருஷம் அவர் வாயில் ஒரே பேச்சு: ஹரோல்டும் பெருமாளும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

ஹரோல்ட் குத்துச்சண்டைக்காரர். மெட்ராஸ், பெங்களூர் என்று கூலிக்கு மேடையேறுகிறவர். பெருமாள் குஸ்தி பயில்வான்; அவருக்கும் அதுதான் பிழைப்பு. இருவரும் நெருங்கிய சிநேகிதர்கள். எதிரெதிரே நின்றதே இல்லை.

"ஹரோல்டு இடது கை வர்றதே கண்ணுக்குத் தெரியாது. ஆனா பெருமாளு இடுப்பைப் புடிச்சிட்டா? அப்புறம் கை இருந்து இன்னா, இல்லாம இன்னா?" என்பார் சம்பங்கி. சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

பேச்சு முற்றி மார்க்கெட்டே இரண்டு கட்சியானது. டிக்கெட் போட்டு நடத்தலாம் என்று கொட்டகைக்காரர் ஒருவர் கிளம்பினார். ஹரோல்ட் மாட்டேன் என்றார். பெருமாளும் மாட்டேன் என்றார். சம்பங்கிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பள நாளன்று, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, தெருவில் போன இருவரையும் பார்த்துக் கத்தினார்.

"ஒருத்தரைப் பார்த்து ஒருத்தரு பயந்துக்கினு கீறாங்க! இன்னா பயில்வான், பாவாடை தைச்சுத் தரட்டுமா?"

கடையே சிரித்தது. பெருமாள் சட்டென்று திரும்பினார். ஹரோல்ட் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஹரோல்டை அவர் மனைவி பியாட்ரிஸ் கடைக்கு அழைத்து வந்தாள். அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு அவருக்குக் கோட்டு தைக்க வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை.

"கையைத் தூக்குப்பா, மாரளவு எடுக்கணும்."

இடது கை எழுந்தது. வலது கை நெஞ்சுக்கு மேல் போகவில்லை. ஹரோல்டின் நெற்றி வேர்த்தது. பியாட்ரிஸ்தான் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"இன்னாப்பா இது?"

"மெட்ராஸ்ல விழுந்தேன். தோளு போச்சு. இடது கையாலயே சமாளிக்கிறேன். வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் கூப்பிடமாட்டான், டெய்லரே."

"பெருமாளுக்கு?"

"அவருக்குத் தெரியும்," என்றாள் பியாட்ரிஸ். "அதான் மாட்டேன்னாரு. நீங்க பேசினதையும் பொறுத்துக்கினு போனாரு."

டேப்பில் இருந்த எண் சம்பங்கியின் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை அளந்தும் மனதில் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே பெருமாள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். "தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோ பயில்வான்."

"எல்லாரு எதிர்ல சொன்னே. இப்ப தனியா வந்து நிக்கிறே," என்று சொல்லிவிட்டுப் பெருமாள் உள்ளே போனார்.

மறுநாள் கடையில் கூட்டம் சேர்ந்ததும் சம்பங்கி எழுந்து நின்றார். "அவங்க பயந்தவங்க இல்ல. நா சொன்னது தப்பு."

"இன்னா டெய்லரே, பயில்வான் ரெண்டு அறை உட்டாரா?" என்றான் ஒருவன். கடை மறுபடியும் சிரித்தது. காரணத்தைச் சொல்ல வழியில்லை. சம்பங்கி தலையைக் குனிந்து மிஷினை மிதித்தார்.

அடுத்த சண்டையில் ஹரோல்ட் தோற்றார். பிறகு மேடையை விட்டுவிட்டு நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பெருமாள் சட்டை தைக்க வேறு கடை பார்த்துக்கொண்டார். அவர் எதிரே வருவது தெரிந்தால் சம்பங்கி பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார், அங்கே தனக்கு ஒரு வேலையும் இல்லாவிட்டாலும்.