ஐந்தாவது இடம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட இரண்டு கொடிகள் இருந்தன. கிணற்றடியில் இருந்த கயிறு வீட்டாருக்கு. கொல்லைக் கடைசியில், தீட்டான பெண்கள் மூன்று நாள் தங்கும் கூரைக் குச்சை ஒட்டியிருந்த இரும்புக் கம்பி அந்தப் பெண்களுக்கு. அதை மற்றவர்கள் தொட்டால் உடுத்திய துணியோடு தலைமுழுக வேண்டும்.

புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்ததும், பவர் ஹவுஸில் வேலை பார்த்த சித்தப்பா, எங்கள் வீட்டிலிருந்து குச்சுக்கு வயர் இழுத்து ஒரு விளக்குப் போட்டார். இருட்டில் பூச்சி பொட்டு வருமே என்று தன் அக்காவுக்காக, அதாவது என் அத்தைக்காகச் செய்தது. வயரைத் தாங்கக் குச்சுச் சுவரில் ஓர் இரும்புத் தாங்கி அடித்தார். துணிக்கம்பியின் ஒரு முனையை, வாகாக இருக்கிறதென்று யாரோ அதே தாங்கியில் முடிந்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. தீபாவளி முடிந்தும் மழை விடவில்லை. குச்சுக்குப் போன இரண்டாம் நாள் அத்தை, ஈரத்துணி போடும்போது கம்பி கடிக்கிறது என்றாள். அம்மா சித்தப்பாவை அழைத்தாள். அவர் டெஸ்ட் விளக்கோடு வரிசையாகப் பார்த்தார். மெயின் சுவிட்சு. பியூஸ் கட்டை. வயர் சுவரைத் தாண்டும் பீங்கான் குழாய். கிணற்றடித் தூண். நான்கும் சரி. ஐந்தாவது இடம் குச்சின் தாங்கி. அதற்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டார்.

"அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, டூட்டிக்குக் குளிச்சாச்சுல்ல," என்றாள் அம்மா.

சித்தப்பா நின்ற இடத்திலிருந்தே கேட்டார். "வெளக்கு எரியுதாக்கா?"

"எரியத்தான் செய்யுது. கம்பிதான் வெடுக்குங்குது."

"வெளக்கு எரிஞ்சா லைன்ல கொறையில்ல. கரண்டுக்கு ஆளு பாத்துக் கடிக்கத் தெரியுமா?"

"அதுக்கேது தீட்டு. யாரையும் தொடும்," என்று அத்தை சிரித்தாள்.

மெயினை அணைத்துவிட்டுப் போகவா என்றும் கேட்டார். ராத்திரி இருட்டில் கிடக்க முடியாதென்று அத்தைதான் தடுத்தாள். நாளை மறுநாள் அவள் தலைக்குக் குளித்து உள்ளே வந்த பிறகு தாங்கியைப் பார்ப்பதாக முடிவாயிற்று.

அன்று மத்தியானம் அத்தை கண்ணயர்ந்திருந்தபோது, சேற்றில் வெறுங்காலோடு நின்று ஒற்றை விரலால் அந்தக் கம்பியைத் தொட்டேன். விரலிலிருந்து தோள்வரை கட்டெறும்பு ஓடியதுபோல் இருந்தது. சொல்லத்தான் ஓடினேன். பாதிவழியில் உடம்பிலிருந்த தீபாவளிப் பாவாடை நினைவுக்கு வந்தது. சொன்னால் அதோடு சேர்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குள் போனேன்.

மறுநாள் காலை அத்தை சேலையை அலசிக் கம்பியில் போட்டாள். பழையது கொண்டுபோன அம்மா பார்த்தபோது, கால் மடிந்து தரையில் சரிந்திருந்தவளின் கை மட்டும் மேலே கம்பியை விடாமல் பிடித்திருந்தது. சித்தப்பா மெயினை அணைத்துவிட்டு ஓடி அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டார். அம்மா அவள் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். அந்த நேரத்தில் யாரும் தீட்டைப் பேசவில்லை.

தாங்கி உராய்ந்த இடத்தில் வயரின் ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒரு நகக்கண் அளவுதான். பின்னாளில் நானும் வயரிங் வேலை கற்றேன்; இன்று பழுது பார்க்கப் போகும் வீடுகளில் நான் கடைசி இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

காரியம் முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி, குச்சுக்கு விளக்கு ஆகாது என்று முடிவு செய்தார்கள். சித்தப்பா வயரைச் சுருட்டி எடுத்தார். கம்பி அப்படியே இருந்தது. பழுது போய்விட்டதென்று நான் நிம்மதியடைந்தேன்.

ஐந்து வருஷம் கழித்து என்னை அந்தக் குச்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. பாவாடையை அலசி அந்தக் கம்பியில் போட்டேன். கடிக்கவில்லை. அம்மா சோறு கொண்டுவந்தாள். சித்தப்பா அன்று நின்றுவிட்ட அதே இடத்தில் தட்டை வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லித் திரும்பிப் போனாள்.