நடுக்குரல் நீக்கிய பாட்டு

படைத்தவன் சிலருக்குக் கால்களைக் கொடுக்கும்போது இருப்புக்கொள்ளும் குணத்தைக் கொடுக்க மறந்துவிடுகிறான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் அந்த மனிதன் அத்தகையவன். நாற்பதை நெருங்கியும் மணமாகாமல் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தான். வில்லையைச் சட்டத்துள் பொருத்தும்போது மட்டுமே அவன் கைகள் நிதானம் கொள்ளும். ஓய்ந்த பொழுதிலெல்லாம் பழைய திரைப்படங்களையும் பாட்டுகளையும் கணினியில் துண்டு துண்டாக வெட்டி, வேறொரு வரிசையில் ஒட்டிக் குறும்படமாக்குவான். அதனால் அண்ணன் இட்ட பெயர் கத்தரி.

"அடுத்தவன் எடுத்தத வெட்டி ஒட்டறதுக்குப் பேரு படமாடா? இன்னொருத்தன் வீட்டுக் கதவக் கழட்டிட்டு வந்து நான் தச்சன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பார் அண்ணன்.

"கதவு அங்கேயேதான் இருக்கு அண்ணே. நான் எடுத்துட்டு வந்தது அதோட நிழல."

"வாய மட்டும் எந்தக் கத்தரியும் வெட்ட மாட்டேங்குது."

கத்தரியின் வேட்கை ஒன்றே: நாயகரை நீக்கிவிட்டுச் சூழ நின்றோரைக் காட்டுதல். நாயகி கடந்துபோன பின்னும் ஆடும் திரைச்சீலை, நாயகனை வேடிக்கை பார்த்த தெருவோரின் முகங்கள் என்று எங்கெங்கோ தேடிச் சேர்த்தான். பாட்டிலும் அவ்வாறே. இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்தால், இரண்டிலும் ஒன்றுபோலிருக்கும் முதன்மைப் பாடகரின் நடுக்குரல் மறைந்துபோகும்; ஓரங்களில் நின்று சேர்ந்து பாடியோரின் குரல்கள் மிஞ்சும்.

அப்படிக் கழித்த ஒரு பாட்டில், கூட்டுக்குரல் எழவேண்டிய இடத்தில், ஒரு பெண்குரல் மட்டும் ஒரு மூச்சு முந்திப் புறப்பட்டது. தனியே நின்று திகைத்தது. மற்றவை வந்து சேர்ந்ததும் அவற்றுள் ஒளிந்துகொண்டது. கத்தரி துள்ளி எழுந்தான். படிக்கட்டின் கீழ் நின்று நாள்தோறும் அவனைச் சாப்பிட அழைக்கும் குரலன்றோ அது!

திருமணத்துக்கு முன் அண்ணி திரைப்பாட்டுகளில் கூட்டத்தோடு பாடியவர். எந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலிலும் அவர் பெயர் வந்ததில்லை. தன் புதிய படம் முழுவதையும் அந்த ஒரு மூச்சின்மேல் நிறுத்தினான் கத்தரி. முடிவில் திரை நிறைய அண்ணியின் பெயரை எழுதினான். உடனே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த அண்ணி நின்றபடியே கேட்டார். முகம் சிவந்தது.

"நிறுத்து. யாரு முந்தினதுன்னு தெரியுதா?"

"நீங்கதான் அண்ணி!"

"அதச் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றியா? அன்னிக்கே இன்னொரு தரம் பாடறேன்னு கெஞ்சினேன். நேரமில்ல, நடுவுல பாடற அந்தம்மா குரல் அமுக்கிடும்னு அனுப்பிட்டாங்க. அமுக்கினத நம்பி இத்தன வருஷம் நிம்மதியா இருந்தேன். நீ வந்து உரிச்சு வெச்சிருக்க."

"படத்துக்கு உயிரே அந்த இடம்தான். வெட்டினா ஒண்ணுமில்ல."

"வெட்ட வேணாம். உன் உழைப்பு. பேர எடுத்துடு. யாருன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

அவன் எடுத்துவிட்டான். எடுத்த நாள் முதல் வில்லைகூடக் கைக்கு அடங்கவில்லை. இரண்டை உடைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். யாருக்காக எடுத்த படமோ, அவர் பெயரில்லாமலே அது வெளியே போகிறது.

ஒரு ஞாயிறு மாலை நூலக மாடியில் படம் திரையிடப்பட்டது. அண்ணி கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கத்தரி சுவருக்கும் வாசலுக்குமாக நடந்தான். விளக்கெரிந்ததும் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, அந்தக் குரல் ஒண்ணு முந்திக்கிட்டு வருதே, கூட்டத்துல கை விட்டுப் போன பொண்ணு மாதிரி. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. யாரு அது?"

"அது தப்புன்னு அவங்க சொல்றாங்க ஐயா" என்றான் கத்தரி. சொன்னபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

கண்கள் அனைத்தும் அவனை மொய்த்தன. அவன் பார்வை கடைசி வரிசைக்கு ஓடியது. அண்ணி எழுந்து வெளியேறினார். அவனும் பின்னால் ஓடினான்.

பேருந்து நிறுத்தத்தில் அண்ணி நின்றிருந்தார்.

"ஓட்ட வாய். ஒரு நிமிஷம் மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

"தப்புதான் அண்ணி."

பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தவர், "அவரு சொன்னது நெசமாவா? இல்ல, சும்மா மரியாதைக்கா?" என்றார்.

"நானும் இதத்தானே அன்னிக்கே சொன்னேன்!"

"நீ வீட்டு ஆளு. உன் பேச்ச யாரு மதிச்சா?" அவர் முகம் சற்று இளகியது. "பேரு போடணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா ஒண்ணு செய். எத்தனையோ பாட்டுல பாடியிருக்கேன். எல்லாத்துலயுமா முந்தினேன்? ஒழுங்கா பாடினதுல ஒண்ணு எடு. இதே மாதிரி என் குரலத் தனியாக் காட்டு. அதுல பேர் போடு."

நடுக்குரலைக் கழிக்கக் கத்தரியால் முடியும். ஓரத்தில் ஒன்றி நின்ற குரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் வழி அவன் கைவசம் இல்லை. பிசகாது பாடிய இடங்களிலெல்லாம் அண்ணி பிறரோடு பிறராய்க் கரைந்திருப்பார். அவ்வாறு கரைவதற்குத்தான் அவரை அழைத்தார்கள்.

"என்ன முழிக்கற? முடியாதா?"

"தேடறேன் அண்ணி."

பேருந்தில் ஏறியதும் அண்ணி பாட்டுகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் அவன் தலையாட்டினான். வீடு வரும்வரை அவர் நிறுத்தவில்லை.