சரசக்கா காய்ச்சாமல் தந்த தேன்

முதலமடையிலிருந்து சரசக்காவின் மகள் போன் செய்தபோது, பாலக்காட்டுச் சித்தூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். “அம்மா காலைல தவறிட்டாங்க டீச்சர். உங்க பேர் எழுதி ஒரு பாட்டில் வெச்சிருக்காங்க” என்றாள். கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மாந்தோப்புகளில் தேனீப் பெட்டி வைத்திருந்த அக்காவை, அவரிடம் தேன் வாங்கிய, இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வாங்கியது சாப்பிட அல்ல. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பொருளோடு தேனைக் கலந்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நானோ இழைகளாக்கி, புண்ணின் மேல் இடும் படலம் செய்வது என் ஆய்வு. பயன்படுத்திய பின் அது மண்ணில் மக்கிவிடும். முதன்முறை ஆய்வகத்துக்கு வந்த அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஏனுங் டீச்சர், வெங்காயத் தோலாட்ட இருக்குது. இதுக்கா இத்தன வருசப் படிப்பு?”

சிரித்தேன். ஆனால் எட்டு மாதமாகியும், தேன் சேர்க்காத படலத்தைவிட அது கூடுதலாகக் கிருமியைத் தடுக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில், முனைவர் பட்ட ஆய்வை முடிக்க எனக்குக் கிடைத்திருந்தது கடைசிக் கால நீட்டிப்பு. தேனால் பயனில்லை என்று எழுதி முடித்துவிடச் சொன்னார் வழிகாட்டி.

இனித் தேன் வேண்டாம் என்று சொல்ல முதலமடைக்குப் போனேன். அக்கா அடுப்படியில், எனக்கான தேனைக் காய்ச்சித் துணியில் வடித்துக்கொண்டிருந்தார்.

“எப்பவும் காய்ச்சுவீங்களாக்கா?”

“காலேஜுக்குப் போறதாச்சுங்களே. ஈ இறக்கையும் மெழுகுமா குடுத்தா மருவாதியா இருக்குமா? எங்க ஊட்டுக்குத்தான் அப்படியே எடுத்து வெக்கறது.”

சூடு பட்டால் தேனின் கிருமி தடுக்கும் குணம் குறைந்துவிடும் என்றேன். அவர் முகம் வாடியது. “அப்ப நாந்தான் கெடுத்துப் போட்டனா?”

“இல்லக்கா. கேக்காம விட்டது நான்.”

உள்ளே போய் வீட்டு ஜாடியை எடுத்து வந்தார். “அப்பறம் இறக்கை மெதக்குதுன்னு சொல்லப்படாது.”

அந்தத் தேனில் செய்த படலத்தைச் சுற்றி, கிருமி வளராத தெளிந்த வட்டம் விழுந்தது. படத்தை அக்காவிடம் காட்டினேன். “எறும்பு ஏறாம பொட்டிக் காலுக்கடியில தண்ணிக் கிண்ணம் வெப்பனே, அதாட்டங்களா?” என்றார். என் ஆய்வேட்டில் அவ்வளவு தெளிவான வரி ஒன்றுகூட இல்லை.

கடைசி பாட்டில் இப்போது என் மேசையில் இருக்கிறது. “டீச்சருக்கு. காச்சாதது” என்று அவர் கையெழுத்து. உள்ளே ஓர் இறக்கை மிதக்கிறது. இப்போதெல்லாம் ஆய்வுக்கு யாரிடம் எதை வாங்கினாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: “உங்கள் வீட்டுக்கு எடுத்து வைப்பது எது?”