அறுந்துபோன வியாழக்கிழமை அழைப்பு

"இங்கன ஒண்ணும் கேக்கலை, திரும்பச் சொல்லுங்க" என்று அக்கா மூன்று முறை சொன்னார். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் ரிசீவரை அழுத்தியபடி மேசைமேல் குனிந்து நின்றிருந்தார். நான்காவது முறை சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம். நான் அங்கே கணினிகளையும் இணைய இணைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அக்கா என்று கூப்பிட்டவர் மாலுமிகள் பிரிவில் இருந்தார், மணப்பாட்டுக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த அவர் கணவர், வியாழக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு எங்கள் அலுவலக இணையத் தொலைபேசிக்குக் கூப்பிடுவார். நடுக்கடலில் இருக்கும்போது அவருக்கு அந்த ஒரு வழிதான். என்ன சமைத்தார், மகள் எப்படிப் படிக்கிறாள், அவ்வளவுதான் பேச்சு. பேசி முடித்ததும் அக்கா முகம் கழுவிவிட்டு வந்து வேலையில் உட்காருவார்.

அழைப்பு அறுந்த அந்த வியாழக்கிழமை, அதே பதினோரு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ கூட்டம். முந்தைய கூட்டத்தில் படம் உறைந்து உறைந்து நின்றதில் மேலாளருக்குப் பெருத்த அவமானம். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று சொல்லியிருந்தார். இருந்தது ஒரே இணைப்பு. அதைப் பங்கிட்டுத் தரும் ரௌட்டரில் வீடியோவுக்கு முதலிடம் கொடுத்தேன். அது வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிச்சத்தை மற்றவை பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். அந்த மற்றவற்றில் தொலைபேசியும் இருந்ததை நான் யோசிக்கவில்லை. மின்னஞ்சல் ஒரு நிமிடம் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. குரல் அரை நொடி தாமதித்தாலே உடைந்துபோகும்.

இரண்டு நாள் கழித்து, கப்பலிலேயே மாரடைப்பில் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

உடல் வந்து அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, அன்னைக்கு அவுக என்னமோ சொல்ல வந்தாக. அந்தப் பேச்சு இந்த மிசின்ல எங்கனயாவது கெடக்குமா?"

ரௌட்டர் எதையும் சேர்த்து வைப்பதில்லை. அனுப்பக் காத்திருப்பவற்றின் வரிசை நிரம்பினால் மிச்சத்தை எறிந்துவிடும். இருக்காது அக்கா என்று மட்டும் சொன்னேன். குரல் ஏன் உடைந்தது என்பதைச் சொல்லவில்லை. அன்றே தொலைபேசிக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கினேன். கூட்டங்களில் படம் சற்று மங்கியது. மேலாளர் குறைப்பட்டுக்கொண்டார்; நான் மாற்றவில்லை.

ஒரு வருடம் கழித்து, வேலையை விட்டு அக்கா ஊருக்குக் கிளம்பிய நாளில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. மேசையிலிருந்து எடுத்த சாமான்களைப் பையில் வைத்து மூடிவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கூட்டமாவது நல்லா நடந்துச்சா தம்பி?"

நடந்தது என்றேன். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை, மேலாளர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார் என்பதைச் சொல்லவில்லை.

இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். இணைப்பு தாராளமாக இருக்கிறது. எதற்கு முதலிடம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மணப்பாடு ஒன்றும் தூரமில்லை. அக்காவைப் பார்க்க இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் வழியில் திருச்செந்தூரோடு இறங்கித் திரும்பிவிட்டேன்.