மலையேறிப் படித்த கடிதங்கள்

என் மகள் ஆபிரிக்காவுக்குப் போனபோது நான் பாம்புக்குப் பயந்தேன், மலேரியாவுக்குப் பயந்தேன், அங்கே ஓடும் பேருந்துகளுக்குப் பயந்தேன். பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பொறாமைப்படுவேன் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

டென்மார்க்கில் உயர்தரம் முடித்த பிள்ளைகள், பல்கலைக்கழகம் போகமுன் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைப்பது வழக்கம். எங்கள் ஆட்களுக்கு அது பிடிபடாது. "படிக்கிற பிள்ளையை ஏன் மறிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று பிரெடெரிசியா நகரிலிருந்து மச்சாள் போன் எடுத்துக் கேட்டாள். மறித்தது நானா? மகள்தான் ஒரு தொண்டர் குழுவில் பெயர் கொடுத்தாள். உகண்டாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று மாதம். நாலு டெனிஷ் பிள்ளைகளும் இவளும்.

நான் எஸ்பியர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஊரில் என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு போர் இடம்பெயர்வில் நின்றது. இங்கே வந்து டெனிஷ் படிக்கப் போனேன். இவள் வயிற்றில் வந்ததும் அதுவும் நின்றது. ஆகவே வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் பத்து வயதிலிருந்து அவள்தான் வாசித்தாள். எங்கள் வீடுகள் பலவற்றில் இதுதான் முறை. நகரசபைக்கும் எங்களுக்கும் நடுவில் பிள்ளைகள் நிற்பார்கள். இப்போது கடிதங்கள் கைப்பேசிக்குள் வருகின்றன. அதைத் திறப்பவளும் அவள்தான்.

ஒருமுறை, "எனக்கும் டெனிஷை வடிவாச் சொல்லித்தாவன்" என்று கேட்டேன். இரண்டு நாள் மேசையில் ஒன்றாக இருந்தோம். மூன்றாம் நாள், "இதை நேற்றே சொன்னேன் அம்மா" என்று டெனிஷில் சொல்லி, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பிறகு நான் கேட்கவில்லை.

உகண்டாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துக் கதைப்பாள். வீட்டில் டெனிஷிலேயே பதில் சொல்பவள், அங்கிருந்து தமிழில் கதைத்தாள். பக்கத்தில் இருக்கும் டெனிஷ் பெட்டைகளுக்கு விளங்கக் கூடாதாம். முதல் ஞாயிறு ஒரு சின்னப் பெண் அவளுடைய தலைமுடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அந்தத் தலையில் என்னைக் கைவைக்க விட்டதில்லை. சரி, குழந்தைதானே என்று விட்டேன்.

நாலாம் ஞாயிறுதான் அங்கே வேலை செய்யும் ஒரு மனிசியைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சுகிறவள். பானை கழுவி வைத்துவிட்டு வகுப்பின் கடைசி வாங்கில் வந்து இருப்பாளாம், எழுத்துப் படிக்க.

"என்ன வயசு?"

"உங்கட வயசுதான் அம்மா. சின்னனிலயே பள்ளிக்கூடத்தை விட்டிட்டா. இப்ப தன்ர பேரை எழுதிறா!"

"எத்தினை நாள் எடுத்தது?"

"மூண்டு கிழமை. ஒரு எழுத்துக்கே ரெண்டு நாள் போகும். ஆனா அவவோட எனக்குக் கோவமே வராது."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத மனிசி என்னோடு வேலைக்கு வந்தாள். நான் கரட் சீவும்போது கடைசி வாங்கில் இருந்தாள். என் மகள் அவள் கையைப் பிடித்து எழுதுவித்துக்கொண்டிருந்தாள். இல்லாத ஒருத்தியிலே இப்படி எரிச்சல் படலாமா என்று என்னையே கேட்டேன். ஆனால் அவள் இருந்தாள். அதுதான் பிரச்சினை.

அந்தக் கிழமை நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குப்பைப் பெட்டிகளை மாற்றுகிறார்களாம். மூன்று தரம் வாசித்தேன். ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் விளங்கியது. விளங்கிய பிறகும் அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். "என்ன எண்டு தெரியேல்லை. பயமாக் கிடக்கு."

ஒரு மணித்தியாலத்துக்குள் அழைத்தாள். மூச்சு வாங்கியது. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் செய்தி மட்டும்தான் வந்து சேரும்; கதைக்கிற அளவுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் மலையில் ஏறவேண்டும்.

"குப்பைப் பெட்டி அம்மா. பயப்பிட ஒண்டுமில்லை."

"ஓ, அப்பிடியே? நான் என்னவோ ஏதோ எண்டு..."

பிறகு பல் வைத்தியரின் கடிதம், நூலகத்தின் கடிதம், படிக்கட்டுக்கு வர்ணம் பூசுகிறோம் என்ற கடிதம். கிழமைக்கு ஒன்று அனுப்பினேன். "வகுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்தனான்" என்று ஒருநாள் சொன்னாள். அந்த வசனத்தை வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக வேலை செய்தேன்.

கணவருக்குச் சந்தேகம் வந்தது. "இஞ்சேரும், போன மாதம் கார்க் கடிதத்தை நீர்தானே எனக்கு வாசிச்சுக் காட்டினீர்?"

"இது வேற கடிதம்."

"வேலையில ஆருக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது எண்டு ஒவ்வொரு நாளும் டெனிஷில வாசிக்கிறீர். நூலகக் கடிதம் வாசிக்கத் தெரியாதோ? பிள்ளையை மலையில ஏத்தி இறக்கிறதுக்கு உமக்கு விசரே?"

நான் அடுப்பைத் துடைத்தேன்.

இரண்டாம் மாத முடிவில் மகள் சொன்னாள்: சொன்ன மூன்று மாதம் முடிந்த பிறகும், ஆண்டுச் சோதனை முடியும்வரை இன்னொரு மூன்று மாதம் நிற்க முடியுமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

"ஆனா ஏலாது எண்டு சொல்லப்போறன். வெள்ளிக்கிழமை பதில் குடுக்கவேணும்."

"ஏன்?"

"நீங்களும் அப்பாவும் அங்க தனிய என்ன செய்வியள்? ஒரு கடிதம் பிழைச்சா என்ன நடக்கும் எண்டு எனக்கு எந்த நேரமும் அதே யோசினை. நித்திரையும் வருகுதில்லை."

நான் விரும்பியது கிடைத்துவிட்டது. கைப்பேசியை வைத்த பிறகு சந்தோஷம் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. "எந்த நேரமும் அதே யோசினை" என்று அவள் சொன்ன குரல் என்னுடைய குரல். என் பிள்ளைக்கு நான் டெனிஷும் கொடுக்கவில்லை, படிப்பும் கொடுக்கவில்லை. கடைசியில் இந்தப் பயத்தைத்தானா கொடுத்தேன்?

வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளையில், வேலையிடத்து வாகனத் தரிப்பிடத்தில் நின்று அழைத்தேன். முன்னமே செய்தி அனுப்பியிருந்தபடியால் அவள் மலையில் நின்றாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"ஒண்டு வாசிக்கிறன். கேள்."

காலையில் வந்த கடிதத்தைத் திறந்து டெனிஷில் வாசித்தேன். தண்ணீர் மானியை வாசிக்க ஆள் வரும், வீட்டில் யாராவது நிற்க வேண்டும் என்று. உச்சரிப்புத் தடக்கியது, ஆனாலும் கடைசிவரை வாசித்தேன். பிறகு அதைத் தமிழில் சொன்னேன்.



"எப்ப இருந்து தெரியும்?"

"கனகாலமா. சில சொல் விளங்காது. மற்றதெல்லாம் விளங்கும்."

"அப்ப குப்பைப் பெட்டி?"

"விளங்கினது."

"பல்லு?"

"அதும்."

"பிள்ளையளை விட்டிட்டு மழைக்குள்ள ஏறி வந்தனான் அம்மா! உங்கட பல்லுக்கு!"

"ஓம்."

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீ அந்த மனிசிக்குச் சொல்லிக்குடுக்கிறது எனக்குப் பொறுக்கேல்லை."

இணைப்பு அறுந்தது. சிக்னலா, அவளா என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் ஐம்பது தட்டில் மீன் வைத்தேன். நாலு மணிக்கு டெனிஷில் ஒரு செய்தி வந்தது: நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். என்மேல் சரியான கோபமாம்.

இரண்டு ஞாயிறு அழைக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு ஒரு படம் அனுப்பினாள். கரும்பலகைக்கு முன்னால் ஒல்லியான ஒரு பெண், விரலெல்லாம் சோக்குத் தூள், தன் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணின் தோளில் என் மகளின் கை. எழுத்துகள் நேராக, அழகாக இருந்தன, என்னுடையதைவிட அழகு.

"வடிவா எழுதியிருக்கிறா" என்று பதில் எழுதினேன். பொய்யில்லை. அனுப்பிவிட்டு மறுபடியும் படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையைப் பார்த்தேன். இன்னும் மூன்றரை மாதம் அவள் அங்கே இருப்பாள். அந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு எரிந்தது.