நர்ஸம்மா கேட்ட நாடகம்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் நாடகக் குழு கோவையிலிருந்து வால்பாறைக்குப் போயிருந்தது. அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி நாடகம் போட எங்களை அழைத்தவர் அந்த எஸ்டேட் நர்ஸம்மா. நெடுநெடுவென்று இருப்பார். வெள்ளைச் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். பேசும்போதெல்லாம் ஏதாவது ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார்.

ஒத்திகையில் நாங்கள் புகை கிளப்பினோம். கொம்பு வைத்த கிருமி ராட்சசன் பல்டி அடித்தான். நர்ஸம்மா நன்றாகவே சிரித்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா காய்ச்சோணும்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. காலைல வேலைக்குச் சங்கு ஊதறதுக்குள்ள சோறாக்கவே நேரமில்ல. தண்ணியை எப்பக் காய்ச்சி எப்ப ஆற வெப்பாங்க? அதுக்கு உங்க நாடகத்துல வழி இருக்குதுங்களா?"

இல்லை. ராட்சசனை நாடகத்திலிருந்து தூக்கிவிட்டு யோசித்தோம்.

மறுநாள் மாலை மேடையில் நிஜ அடுப்பையே மூட்டினோம். இரவில் மனைவி சோறு வடித்து இறக்கியதும், அதே அடுப்பில் புருஷன் தண்ணீரை ஏற்றுகிறான். நன்றாகக் கொதித்ததும் மூடி வைக்கிறான். காலையில் குழந்தைக்கு ஆறிய தண்ணீர் தயார். அவ்வளவுதான் கதை.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பெண்கள் அடுப்பைச் சூழ்ந்துகொண்டு சந்தேகம் கேட்டார்கள். ஒருத்தி, "இதை எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்க" என்று புருஷனாக நடித்தவரை இழுத்துக்கொண்டு போனாள்.

நர்ஸம்மா என்னிடம், "நாளைக்கு மேல் லைன் வீடுங்ககிட்டயும் போட்டுருங்க" என்றார். அது பாராட்டா, உத்தரவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் எங்களைக் கூப்பிட்டார்.